செம்பருத்தி ஏன் சிவப்புத் திட்டாகிறது?

வெயிலில் செம்பருத்தியைப் படமெடுத்தால் இதழின் நரம்புகள் காணாமல்போய் வெறும் சிவப்புத் திட்டுதான் மிஞ்சும். ஏன்? கேமரா சென்சார் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்தே அளக்கிறது. ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றுக்கும் உச்சம் 255. செம்பருத்தியிலிருந்து வருவதோ பெரும்பாலும் சிவப்பு. மற்ற இரண்டும் பாதிகூட நிறையாதபோதே சிவப்பு உச்சத்தைத் தொட்டுவிடும். அதன்பின் இதழின் மேடும் மடிப்பும் ஒரே எண்தான். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் அப்போதும் எல்லாம் சரி என்றே சொல்லும். நம்பாதீர்கள், சிவப்பின் வரைபடத்தைத் தனியே பாருங்கள்.

ரா கோப்பாக எடுத்திருந்தால் ஹைலைட்டைக் குறைத்து ஓரளவு மீட்கலாம். ஆனால் வெள்ளை மல்லிகையில் நடப்பதுபோல மூன்று நிறமும் நிரம்பி வழிந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். அல்லது வெயிலுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.