தங்கவயலைப் படம்பிடிப்போம்

மலைக்காட்சியைப் படம்பிடிக்க வேண்டுமென்றால் நம் மாணவ நண்பர்களுக்கு உதகையும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வருகின்றன. கோலார் தங்கவயல் என்றால், "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். விடுமுறைதோறும் அவ்வூரைக் கால்நடையாகச் சுற்றிப் படமெடுத்து வருகிறவன் என்ற முறையில் விடை கூற விரும்புகிறேன்.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயிலில் ஏறினால், வெளிறிய குன்றுகள் கண்ணில் படும். அவை இயற்கை தந்தவை அல்ல. பூமிக்கடியில் வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணே குன்றாகக் குவிந்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்கவேலை 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நின்றது. சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். ஆகவே இக்குன்றுகள் நம் முன்னோரின் உழைப்பைக் காட்டும் சாட்சிகள்.

படமெடுக்கும் முறைக்கு வருவோம். உச்சிவெயிலில் குன்று தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் ஒளியில், மழை அரித்த ஓடைகள் நிழலோடு எழுந்து நிற்கும். வெளிர்மண்ணைக் கண்டு காமிரா ஏமாந்து படத்தை மங்கலாக்கிவிடும்; எனவே வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிவைத்துக் கொள்ளுங்கள். குன்றின் அடியில் நடந்து செல்லும் ஒருவரையோ, சுரங்க வாயின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தையோ படத்தில் சேர்த்தால்தான் உயரம் விளங்கும்.

கட்டடங்களை எடுக்கும்போது காமிராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள். சுவர்கள் சாய்ந்து தோன்றும். சற்றுத் தள்ளி நின்று நேராக எடுங்கள். துரைமாரின் பங்களா ஒன்றையும் தொழிலாளரின் லைன் வீடு ஒன்றையும் ஒரே தொலைவிலிருந்து எடுத்து அருகருகே வையுங்கள். பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல முடியாததை அவ்விரு படங்களும் சொல்லிவிடும்.

ஓர் எச்சரிக்கை. குன்றுகளின்மேல் ஏறவேண்டாம், காற்றில் பறக்கும் அந்தத் தூசி உடலுக்குத் தீங்கானது. வேலியிட்ட சுரங்க வாய்களை நெருங்கவும் வேண்டாம்.

இறுதியாக ஒன்று. எடுத்த படத்தின் கீழே இடத்தின் பெயரையும் நாளையும் தவறாமல் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் அங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். இரும்பு துருப்பிடிக்கிறது, ஓடு சரிகிறது, பெயர் சொல்லக்கூடிய முதியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். பெயரில்லாத படம் நாளை வெறும் மண்மேட்டின் படமாகவே நிற்கும்.