நாழியரிசியின் நிறை யாது?

திருவனந்தபுரத்திற்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ள பாலராமபுரம் கைத்தறி வேட்டிக்குப் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில், தமிழ்ச் சாலியர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். தெற்கே பாறசாலை வரையுள்ள ஊர்களில் இரு மொழிகளும் கலந்து வழங்குவது போலவே அளவைச் சொற்களும் கலந்து வழங்கிவந்தன.

சொல் ஒன்றாயினும் அளவு ஒன்றன்று. திருவிதாங்கூரில் நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. தமிழ்நாட்டு வாய்பாட்டிலோ நாழி என்பது படிக்கே மற்றொரு பெயர். அது திருவிதாங்கூர் நாழியினும் பன்மடங்கு பெரிது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டமும், 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மெட்ரிக் முறையும் கடைத்தெருவில் இக்குழப்பத்தை நீக்கின. சமையலறையில் மட்டும் முகத்தலளவை இன்றும் நீடிக்கின்றது. அதில் தவறேதும் இல்லை. லிட்டரையும் கிலோகிராமையும் ஒன்றெனக் கொள்வதே தவறு.

இத்தவற்றின் விளைவைப் பள்ளி உணவுக்கூடத்திற் காணலாம். மதிய உணவுத் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது விதி. அறுபது குழந்தைகளுக்கு 6 கிலோகிராம் வேண்டும். தலைவழித்து அளந்த ஒரு லிட்டர் அரிசி ஏறத்தாழ 800 கிராமே நிற்கும். ஆகவே 7½ லிட்டர் அளந்து போடுதல் வேண்டும். ஆறு லிட்டரோடு நிறுத்திவிட்டால் உலையில் விழுவது 4.8 கிலோகிராமே, பன்னிரு குழந்தைகளின் பங்கு கலத்திலேயே குறைந்துபோகின்றது. எவரும் களவாடவில்லை, கணக்குப் புத்தகத்திலும் பிழை தோன்றாது.

நீர் ஒன்றே லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிற்கும். அரிசி மணிகளுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் நிறை குறைகின்றது. மாவு இன்னும் இலேசானது. சலித்த மாவையும் தட்டி அமுக்கிய மாவையும் ஒரே கலத்தில் அளந்து நிறுத்துப் பார்த்தால், ஐந்திலொரு பங்கு வேறுபாடு காண்பதும் உண்டு. பொடியுப்போ நீரினும் கனமானது. கல்லுப்புக்குப் பழகிய கரண்டியால் அதனை அள்ளியிடும் சமையற்காரர் குழம்பைக் கெடுத்துவிடுவார்.

நூலில் அச்சிட்ட அட்டவணையினும் தம் கலத்தைத் தாமே நிறுத்தறிவது நன்று. வெறுங்கலத்தை நிறுத்து, பின் விளிம்புவரை நீர் நிரப்பி மீண்டும் நிறுத்தால், கிராமில் வரும் வேறுபாடே மில்லிலிட்டரில் அக்கலத்தின் கொள்ளளவாகும். நன்கு துடைத்து உலர்த்தியபின் அரிசியை நிரப்பித் தலைவழித்து நிறுத்தல் வேண்டும். குவித்தளந்தால் ஒவ்வொரு கையும் ஒவ்வோர் அளவு காட்டும். மும்முறை நிறுத்துக் கண்ட சராசரியிலிருந்து வெறுங்கலத்தின் நிறையைக் கழித்துக் கொள்ளளவால் வகுத்தால், ஒரு மில்லிலிட்டரின் நிறை கிட்டும். புழுங்கலரிசி, பச்சரிசி, பருப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே இவ்வெண்ணைக் கண்டு உணவுக்கூடச் சுவரில் எழுதி வைக்கலாம். ஏழாம் வகுப்பு மாணவருக்கு விகிதக் கணக்குப் பயிற்றவும் இதனினும் ஏற்ற பாடம் அரிது. அரிசி மூட்டையின் இரகம் மாறும்போது மீண்டும் நிறுத்துக் காணுதல் வேண்டும்.

தேங்காயெண்ணெய்க்குத் தனிக் கவனம் தேவை. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராமே. எனவே லிட்டர் விலையையும் கிலோ விலையையும் நேராக ஒப்பிடலாகாது. வெப்பத்தில் எண்ணெயின் கன அளவு பெருகும். சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழ் எண்ணெய் உறைந்து சுருங்கும். இவ்விரு நிலையிலும் தராசு காட்டும் நிறை மாறுவதில்லை.