இடைநிலைச் செவிலியக் கோட்பாடுகள்

இடைநிலைச் செவிலியக் கோட்பாடுகள் என்பவை செவிலியர் பணியில் எதிர்ப்படும் ஒரு குறிப்பிட்ட சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனோடு தொடர்புடைய சில கருத்துருக்களையும் அவற்றுக்கு இடையேயான உறவுகளையும் விளக்கும் கோட்பாடுகள் ஆகும். மனிதர், சூழல், உடல்நலம், செவிலியம் ஆகிய நான்கையும் ஒருங்கே விளக்க முற்படும் பெருங்கோட்பாடுகளை விட இவை குறுகியவை; ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிக்கு மட்டும் பொருந்தும் செயல்முறை விதிகளை விட விரிந்தவை.

தோற்றம்

இடைநிலைக் கோட்பாடு என்னும் எண்ணம் சமூகவியலில் இருந்து பெறப்பட்டது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1949 இல் வெளியிட்ட நூல் இதற்கு அடிப்படையாக அமைந்தது. செவிலியத்தில் மெர்ல் மிசெல் 1988 இல் முன்வைத்த நோய்நிலை நிச்சயமின்மைக் கோட்பாடும், கேத்தரின் கோல்காபாவின் ஆறுதல் கோட்பாடும் பரவலாக அறியப்பட்டவை. கருத்துருக்களை அளக்க முடியும் என்பதே இவற்றின் வலிமை. அளக்க முடிவதால், தவறு என்று காட்டவும் முடியும்.

தொல்லை தரும் அறிகுறிகள் கோட்பாடு

இக்கோட்பாடு நோயாளிகளை நேரடியாக ஆய்ந்ததில் இருந்து எழுந்தது. லிண்டா பியூ, ரெனே மில்லிகன் ஆகியோர் மகப்பேற்றின்போதும் அதன் பின்னரும் தாய்மாருக்கு ஏற்படும் களைப்பையும், ஆட்ரி கிஃப்ட் மூச்சுத்திணறலையும் ஆய்ந்து வந்தனர். இரண்டும் ஒரே அமைப்பில் விளக்கப்படக்கூடியவை எனக் கண்டு, எலிசபெத் லென்ஸ், பிரெடெரிக் சுப்பே ஆகியோருடன் சேர்ந்து 1995 இல் இதனை வெளியிட்டனர்.

உடல், உளம், சூழ்நிலை சார்ந்த காரணிகள் அறிகுறியைப் பாதிக்கின்றன. அறிகுறிக்குச் செறிவு, காலம், தரும் துன்பம், தன்மை என நான்கு பரிமாணங்கள் உண்டு. அறிகுறி, நோயாளியின் செயல்திறனைப் பாதிக்கிறது. செயல்திறன் குறைவது மீண்டும் காரணிகளைப் பாதிக்கும் என்பதும், சேர்ந்து வரும் அறிகுறிகள் ஒன்றையொன்று பெருக்கும் என்பதும் 1997 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டன.

எடுத்துக்காட்டு: தூத்துக்குடிச் சங்கு குளிப்போர்

மகப்பேற்று அறையை ஒட்டிப் பிறந்த இக்கோட்பாடு வேறு இடங்களிலும் பயன்படும் என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையைக் கொண்டு விளக்கலாம். அங்கு பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுவிட்டது; சங்கு குளித்தல் தொடர்கிறது. முன்னர் மூச்சடக்கி மூழ்கிய தொழிலில் பின்னர் கம்ப்ரசர் காற்றுக்குழாய் புகுந்தது. அழுத்தக் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் நெடுநேரம் இருப்பவரின் திசுக்களில் நைட்ரசன் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழ்களாகி மூட்டுவலி, மரத்துப்போதல், சில வேளைகளில் பக்கவாதம் ஆகியவற்றை உண்டாக்கும்.

தோள்வலி என்று வரும் குளியாளியிடம் வலியின் செறிவை மட்டும் கேட்டால் செவிலியர் ஏமாறக்கூடும். மறுநாள் கடலுக்குப் போகாவிட்டால் வருமானம் இல்லை. ஆகவே அவர் வலியைக் குறைத்துச் சொல்ல வாய்ப்புண்டு. எப்போது தொடங்கியது என்ற கேள்வி (காலம்), கடைசி முழுக்குக்குச் சில மணி நேரத்துக்குள் வந்த வலி என்பதை வெளிக்கொணரும். மரத்துப்போகிறதா என்ற கேள்வி (தன்மை) நரம்புப் பாதிப்பைக் காட்டும். அவ்வாறாயின் வலிமாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆக்சிசன் கொடுத்து உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மீளழுத்த அறைச் சிகிச்சை தேவைப்படலாம். குமிழ் உண்டாகும் விதத்தை இக்கோட்பாடு கூறாது. அது உடலியங்கியலின் வேலை. எவற்றைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்பதையே இது கூறுகிறது.

ஆய்வில் பயன்பாடு

ஆய்வாளருக்கு இடைநிலைக் கோட்பாடு எந்த மாறிகளை அளப்பது, எந்த அளவுகோலைத் தேர்வது, எந்தக் கருதுகோளைச் சோதிப்பது என்பவற்றைத் தீர்மானிக்க உதவுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், வலியும் களைப்பும் சேர்ந்து உள்ளவரின் செயல்திறன், ஒன்று மட்டும் உள்ளவரை விட மிகுதியாகக் குறைகிறதா என்பது சோதிக்கத்தக்க வினா. தமிழ்நாட்டின் முதுநிலைச் செவிலிய ஆய்வேடுகளில் கருத்துருச் சட்டகம் ஒரு வழக்கமான பகுதி. நோலா பெண்டரின் நலமேம்பாட்டு மாதிரி முதலியவை அதில் எடுத்தாளப்படுகின்றன. எனினும், சட்டகத்தின் படத்தை வரைந்துவிட்டு, முடிவுகளை விவாதிக்கும் இடத்தில் அதனை மறந்துவிடும் ஆய்வேடுகளும் உண்டு. அங்கே கோட்பாடு அலங்காரமாக நின்றுவிடுகிறது.

மொழி மற்றொரு சிக்கல். அளவுகோல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவானவை. களைப்பு, சோர்வு, அசதி ஆகியவை தமிழ்ப் பேச்சில் ஒன்றல்ல. கடுப்பு, உளைச்சல், குத்தல் ஆகிய வலிகளும் ஒன்றல்ல. எனவே வினாக்கள் தமிழில் பெயர்க்கப்பட்டு, வேறொருவரால் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. அதன் பின்னர், அவ்வூர்ப் பேச்சு வழக்குடைய சிலரிடம் அவை முன்சோதனை செய்யப்படுகின்றன.