தோல் துண்டில் இடி தேவனின் சுத்தியல்!

கழுத்தில் ஒரு தோல் வார். அதில் தொங்குவது ஒரு சின்னஞ்சிறு சுத்தியல்.

மணிக்கட்டில் அகலமான தோல் காப்பு. அதன் மேல் ஓநாய், காகம், பின்னிக் கிடக்கும் பாம்பு!

இப்படிப்பட்ட நகைகளை இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் விரும்பி அணிகிறார்கள். ஆண்களும் அணிகிறார்கள், பெண்களும் அணிகிறார்கள்.

பொன் இல்லை, மணி இல்லை. வெறும் மாட்டுத் தோல்தான். ஆனால், அந்த உருவங்களுக்குப் பின்னால் பழைய கதைகள் இருக்கின்றன. நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மக்களின் கதைகள் அவை.

கப்பல் ஏறிச் சென்று வாணிபமும் கொள்ளையும் செய்த "வைக்கிங்"குகள் இந்த மக்களைச் சேர்ந்தவர்களே.

மணப்பெண் வேடத்தில் தேவன்!

இவர்களுடைய தேவர்களில் மகா பலசாலி, தோர். இவன் இடியின் தேவன். இவனுடைய ஆயுதம்தான் சுத்தியல். எறிந்தால் குறி தப்பாது. எறிந்தவன் கைக்கே திரும்பி வந்துவிடும்!

ஒரு சமயம் அந்தச் சுத்தியல் திருட்டுப் போய்விட்டது. திருடியவன் திரிம் என்ற அரக்கன்.

"அழகி பிரேயாவை எனக்குக் கட்டிக் கொடுங்கள். சுத்தியலைத் தருகிறேன்" என்றான் அவன்.

பிரேயா தேவ மங்கை. அவள் சம்மதிப்பாளா? கோபத்தில் சீறினாள். வேறு வழி இல்லை. தோரே மணப்பெண் வேடம் போட்டுக்கொண்டான். முகத்தை மூடிக்கொண்டு அரக்கன் வீட்டுக்குப் போனான். லோகி என்ற குறும்புக்காரன் தோழி வேடத்தில் கூடவே சென்றான்.

விருந்து நடந்தது. "மணப்பெண்" ஒரு முழு எருதையும், எட்டு மீன்களையும் தின்று தீர்த்தாள்! அரக்கன் திகைத்துப் போனான்.

"உங்களைக் காணும் ஆவலில் அவள் எட்டு நாட்களாகச் சாப்பிடவே இல்லை" என்று லோகி சமாளித்தான்.

மணப்பெண்ணை வாழ்த்துவதற்காகச் சுத்தியலைக் கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார்கள். அவ்வளவுதான்! சுத்தியல் தோரின் கைக்குப் போயிற்று. அரக்கன் ஒழிந்தான்.

இந்தக் கதையைக் கவனியுங்கள். சுத்தியல் கொல்லுவதற்கு மட்டும் அல்ல. திருமணத்தை வாழ்த்துவதற்கும் உரியது. பாதுகாப்பின் சின்னமாக மக்கள் அதை அணிந்தது இதனால்தான்.

வியாழக்கிழமையை ஆங்கிலத்தில் "தர்ஸ்டே" என்கிறார்கள் அல்லவா? அதற்குத் "தோரின் நாள்" என்றே பொருள்!

"இது சுத்தியல்"

வட ஐரோப்பாவின் மண்ணில் இருந்து இத்தகைய சுத்தியல் பதக்கங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சில வெள்ளி, சில வெண்கலம், சில இரும்பு. அம்பர் என்னும் பழங்கால மரப்பிசினில் செய்தவையும் உண்டு.

"இவை உண்மையிலேயே சுத்தியல்தானா? வேறு ஏதாவது உருவமா?" என்று சிலர் சந்தேகப்பட்டார்கள்.

2014-ம் ஆண்டில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. டென்மார்க்கில் லோலண்ட் என்ற தீவில் ஒரு பதக்கம் கிடைத்தது. அதன் மேல் "ரூன்" என்னும் பழைய எழுத்துக்கள் பொறிக்கப்பட்டு இருந்தன. அதில் எழுதியிருந்தது என்ன தெரியுமா?

"இது சுத்தியல்!"

ஒரே அச்சில் இரண்டு சமயம்

டென்மார்க்கில் இன்னோர் அதிசயப் பொருளும் கிடைத்திருக்கிறது. அது மாக்கல்லில் செதுக்கிய வார்ப்பு அச்சு. உருக்கிய உலோகத்தை ஊற்றிப் பதக்கம் செய்வதற்கு உரியது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அந்த ஒரே கல்லில் சுத்தியலுக்கும் அச்சு இருக்கிறது. சிலுவைக்கும் அச்சு இருக்கிறது!

அது கிறிஸ்தவ சமயம் பரவி வந்த காலம். சுமார் 965-ம் ஆண்டில் ஹரால்டு என்ற டென்மார்க் அரசர் கிறிஸ்தவர் ஆனார். டேனிஷ் மக்களைக் கிறிஸ்தவர்கள் ஆக்கியதாக, யெல்லிங் என்ற ஊரில் கல்லில் எழுதி வைத்தார்.

பழைய தேவனை விடுவதா? புதிய சமயத்தில் சேருவதா? ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். அண்ணன் கழுத்தில் சிலுவையும், தம்பி கழுத்தில் சுத்தியலும் தொங்கியிருக்கலாம். பொற்கொல்லருக்கோ இருவரும் வேண்டியவர்கள். கேட்டவருக்குக் கேட்டதைச் செய்து கொடுத்தார்!

இந்த ஹரால்டு அரசருக்கு "நீலப்பல்" என்று ஒரு பட்டப்பெயர். ஆங்கிலத்தில் "புளூடூத்". இன்று கைபேசியில் காணும் புளூடூத் சின்னம், அவர் பெயரின் முதல் எழுத்துக்களான இரண்டு ரூன் எழுத்துக்களைச் சேர்த்து வரைந்ததுதான்.

பழசு எது? புதுசு எது?

கடையில் "வைக்கிங் சின்னம்" என்று விற்பவை எல்லாம் வைக்கிங் காலத்தவை அல்ல.

எட்டுக் கைகள் கொண்ட ஒரு சக்கரத்தைப் பல தோல் காப்புகளில் காணலாம். அதன் பெயர் "வெக்விசிர்". "வழிகாட்டி" என்று பொருள். அதை வைத்திருப்பவர் புயலிலும் வழி தவறமாட்டார் என்பது நம்பிக்கை. ஆனால், அது இடம் பெற்றிருப்பது ஐஸ்லாந்தில் 1860-ம் ஆண்டில் எழுதிய ஒரு கையெழுத்து ஏட்டில்! வைக்கிங் காலம் முடிந்து எண்ணூறு ஆண்டுகள் ஆன பின்பு எழுதிய ஏடு அது.

மூன்று முக்கோணங்கள் ஒன்றோடு ஒன்று பின்னிய சின்னமும் உண்டு. அது உண்மையிலேயே பழையது. சுவீடனைச் சேர்ந்த காட்லண்ட் தீவின் சித்திரக் கற்களில் இருக்கிறது. ஆனால், இன்று அதற்கு வழங்கும் "வால்க்நட்" என்ற பெயர் பிற்காலத்தில் வைத்தது.

புதியது என்பதால் அணியக் கூடாதா? தாராளமாக அணியலாம். ஆனால், புதியதைப் பழையது என்று சொல்லி விற்பது நியாயம் அல்ல.

வெறுப்பின் கையில்

இந்தச் சின்னங்களுக்கு ஒரு சோதனையும் வந்தது. ஜெர்மனியில் ஹிட்லரின் கட்சி ரூன் எழுத்துக்களை எடுத்துக்கொண்டது. எஸ்.எஸ். படையின் சின்னம் இரண்டு ரூன் எழுத்துக்களே. இன்றும் இனவெறிக் கூட்டத்தார் சிலர் இந்தச் சின்னங்களை அணிகிறார்கள்.

ஆனால், அவை அவர்களுடைய சொத்து அல்ல. பழைய தேவர்களை வழிபடுவோரின் சங்கத்தை ஐஸ்லாந்து அரசு 1973-ல் ஒரு சமய அமைப்பாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் இறந்த ராணுவ வீரர்களின் கல்லறைக் கல்லில் பொறிக்கத் தக்க சமயச் சின்னங்களில், 2013-ம் ஆண்டில் தோரின் சுத்தியலும் சேர்ந்தது.

எனவே, கதை தெரிந்து அணிவது நல்லது. யாராவது கேட்டால் பதில் சொல்லலாம் அல்லவா?

தோல் நகை ஆகும் விதம்

உலோகம் மண்ணில் கிடந்தாலும் நிலைக்கும். தோல் மக்கிவிடும். ஈரம் நிறைந்த, காற்றுப் புகாத மண்ணில் மட்டுமே தப்பிப் பிழைக்கும். இங்கிலாந்தில் யார்க் நகரில் 1976 முதல் 1981 வரை அப்படிப்பட்ட இடத்தைத் தோண்டினார்கள். வைக்கிங் காலத்துத் தோல் செருப்புகளும் வாள் உறைகளும் வெளிப்பட்டன!

நம் நாட்டில் ஆவாரம் பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டது போல, அங்கே ஓக் மரப்பட்டையைப் போட்டுப் பதனிட்டார்கள்.

இன்றும் சித்திரம் பதிப்பதற்குப் பட்டை போட்டுப் பதனிட்ட தோலே ஏற்றது. தோலை நீரில் நனைக்கிறார்கள். அது மெழுகு போல இளகுகிறது. கத்தியால் கோடு கீறி, இரும்பு முத்திரைகளை வைத்துத் தட்டுகிறார்கள். காய்ந்ததும் உருவம் அப்படியே நின்றுவிடும். பிறகு சாயம், ஓரத்துக்கு மெழுகு. நகை தயார்!

ஓநாயைக் கொன்ற செருப்பு

ஐஸ்லாந்துப் புலவர் ஸ்நோரி ஸ்டர்லசன், சுமார் 1220-ல் இந்தத் தேவர்களின் கதைகளை எழுதி வைத்தார். அதில் தோலைப் பற்றியும் ஒரு கதை வருகிறது.

உலகம் அழியும் நாளில், பென்ரிர் என்ற ராட்சத ஓநாய், தேவர்களின் தலைவன் ஓடினை விழுங்கிவிடும். உடனே அவன் மகன் விதார் பாய்வான். ஓநாயின் கீழ்த்தாடையில் காலை ஊன்றி, மேல்தாடையைப் பிடித்துக் கிழித்து எறிவான்.

ஓநாயின் பல் அவன் காலைக் குத்தாதா? குத்தாது. அவன் காலில் ஒரு கெட்டியான செருப்பு இருக்கும். மனிதர்கள் செருப்புத் தைக்கும்போது விரல் பக்கத்திலும் குதிகால் பக்கத்திலும் வெட்டி எறியும் தோல் துண்டுகளைக் காலம் காலமாகச் சேர்த்துச் செய்த செருப்பு அது!

"தேவர்களுக்கு உதவ விரும்புகிறவன் அந்தத் துண்டுகளை எறிந்துவிட வேண்டும்" என்கிறது அந்தக் கதை. ஏழையின் வீட்டில் வெட்டிய சிறு துண்டும் அந்தச் செருப்பில் சேரும்.

இன்றைய தோல் நகைகளில் பலவும், பெரிய தோலில் வெட்டியது போக மிஞ்சிய துண்டில் செய்பவைதான்!