நான்காவது குழாய்

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி, கன்னத்தைக் கையால் தாங்கியபடி எங்களிடம் வந்தார் ஒரு தாய். “வேர் சிகிச்சை பண்ணியும் வலி போகலைங்க, பல்லைப் பிடுங்கிடுங்க” என்றார்.

மேல்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல் அது. அதன் மூன்று வேர்க்குழாய்கள் முன்பே தூய்மை செய்யப்பட்டு அடைக்கப்பட்டிருந்தன. நுண்ணோக்கியால் பார்த்தபோது, கன்னத்தை ஒட்டிய முன்வேரில் நான்காவது குழாயின் வாய் தென்பட்டது. அதனையும் தூய்மை செய்து அடைத்தோம். வலி நீங்கியது, பல்லும் தப்பியது.

பல்லின் நடுவே நரம்பும் குருதி நாளங்களும் கொண்ட பற்கூழ் உள்ளது. அது வேருக்குள் இறங்கும் வழியே வேர்க்குழாய். சொத்தை ஆழமாகிக் கிருமிகள் உட்புகுந்தால், எல்லாக் குழாய்களையும் தூய்மை செய்து அடைக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும், அதில் தங்கிய கிருமிகள் வேர்நுனியில் மீண்டும் சீழ் உண்டாக்கலாம்.

குழாய்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஃபிராங்க் வெர்டூச்சி என்னும் அமெரிக்க மருத்துவர் 2,400 பற்களை ஆராய்ந்து, 1984இல் குழாய் அமைப்புகளை எட்டு வகைகளாகப் பிரித்தார். சில குழாய்கள் ஒன்றாகத் தொடங்கி இரண்டாகப் பிரியும். சில இரண்டாகத் தொடங்கி ஒன்றாகச் சேரும். இந்தியரின் மேல் கடைவாய்ப்பற்களை முப்பரிமாணக் கதிர்ப்படத்தால் ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்விலும், பலருடைய முன்வேரில் இரு குழாய்கள் காணப்பட்டன. இரண்டாம் குழாயின் வாய் பெரும்பாலும் பல்திசுவின் அடியில் மறைந்திருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு குழாயின் நிழல் மற்றொன்றை மறைத்துவிடும்.

குழாய் முடியும் துளையும் எப்போதும் வேரின் நுனியிலேயே இருப்பதில்லை. பல பற்களில் அது சற்றுப் பக்கவாட்டில் திறக்கும். ஆகவே குழாயின் நீளத்தை எக்ஸ்ரேயோடு மின்கருவியாலும் அளக்கிறோம். மறுபடியும் படம் எடுப்பதும், மறுபடியும் வரச் சொல்வதும் இதனாலேயே.

சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் மெல்லிய வலி இருப்பது இயல்பு. அது குறையாமல் கூடினாலோ, ஈறில் கொப்புளம் தோன்றினாலோ, பழைய எக்ஸ்ரேயுடன் வாருங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டால் அன்றே வர வேண்டும்; விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். வீக்கத்தின்மேல் சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். பல்லில் புகையிலை வைக்காதீர்கள்.

பல்லை எடுத்துவிடச் சொல்வதற்கு முன், “எல்லாக் குழாய்களும் அடைக்கப்பட்டுள்ளனவா?” என்று எங்களிடம் கேளுங்கள். காக்கத்தக்க பல்லைக் காக்கும் வழி பல வேளைகளில் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.