வெட்பாலைத் தைலமும் ஊதா நிறமும்

இந்த வாரம் ஒரு லிசனர் கேட்ட கேள்வி: “ப்ரோ, எனக்கு சொரியாசிஸ். வெட்பாலைத் தைலம் தடவுறேன், செதில் குறையுது. டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திடலாமா?”

நீங்களா நிறுத்தாதீங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல தைலம். வெட்பாலை இலையைக் கிள்ளிப் போட்டு, தேங்காய் எண்ணெயில் சில நாள் வெயிலில் ஊறவைப்பாங்க. போடுறது பச்சை இலை, ஆனா எண்ணெய் ஊதாவா மாறிடும்! ஆச்சரியமே இல்ல. இந்த மரத்தோட இலையிலிருந்து ஒரு காலத்துல நீலச் சாயமே எடுத்திருக்காங்க. அந்த இலையில் இண்டிரூபின்னு ஒரு நிறமி இருக்கு.

இதே நிறமி, சீன மருத்துவத்தில் வேற செடிகளிலிருந்து எடுக்கிற ஒரு நீலப் பொடியிலும் உண்டு. 2008-ல் வெளியான தைவான் ஆய்வு ஒண்ணுல, 42 பேர்கிட்ட அதைச் சோதிச்சாங்க. ஒரே ஆள் உடம்புல ஒரு படைக்குப் பொடி கலந்த களிம்பு, இன்னொரு படைக்கு வெறும் களிம்பு. நம்ம ஏ/பி டெஸ்ட் மாதிரிதான். 12 வாரத்துல 31 பேருக்குப் பொடி போட்ட படை முழுசாவோ, கிட்டத்தட்ட முழுசாவோ மறைஞ்சது.

நல்ல ரிசல்ட். ஆனா செடி வேற, அளவு வேற. அதை அப்படியே நம்ம தைலத்துக்குக் காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. தவிர, வெறும் தேங்காய் எண்ணெயே செதிலை இளக்கும்.

செதில் என்பது அவுட்புட் மட்டும்தான். கோளாறு நோய் எதிர்ப்பு மண்டலத்தில். சாதாரணமா ஒரு மாசம் எடுத்துக்கிற தோல் புதுப்பிப்பு, இங்க சில நாளிலேயே நடக்குது. சிலருக்கு இது மூட்டையும் தாக்கும். காலையில் விரல் விறைப்பா, வீக்கமா இருந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அங்கே தைலம் எட்டாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா நோய் முன்னைவிட மோசமா, உடம்பு முழுக்கக் கிளம்பலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போகும்.

தைலம் வேணும்னா, பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்க. சென்னைன்னா தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. என்ன மாத்திரை போகுதுன்னு அவர்கிட்டயும், என்ன தைலம்னு தோல் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. லேபிள் இல்லாத ‘மூலிகை’ களிம்பு மட்டும் வேண்டாம். அப்படி விற்ற சிலதுல ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனையில் பிடிபட்டிருக்கு.

அப்புறம், தைலம் தடவுற அன்னைக்குப் பழைய டி-ஷர்ட் போடுங்க. அந்த ஊதாக் கறை லேசுல போகாது.