தேம்ஸ் நதியும் முப்பது நொடித் திறப்பும்

ஒளிப்படக் கருவியின் ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைத்து, அந்நேரம் முழுவதும் விழும் ஒளியை ஒரே படத்தில் சேர்க்கும் முறை நீள் ஒளியூட்டம் எனப்படுகிறது. கரையிலுள்ள கட்டடங்கள் துல்லியமாகப் பதிய, ஓடும் நீர் மட்டும் அலைகளின் மேடு பள்ளங்களை இழந்து பட்டுத்துணி போல வழவழப்பாகிவிடும்.

லண்டனின் தேம்ஸ் நதியில் கடலின் ஏற்றவற்றம் நகருக்குள்ளும் எட்டுவதால், ஒரே இடம் காலையில் சேற்றுக் கரையாகவும் மாலையில் பாலத்தூண்களைத் தழுவும் நீர்ப்பரப்பாகவும் காட்சி தருகிறது. பகலில் இம்முறையைக் கையாள, எல்லா நிறங்களையும் ஒரே அளவில் குறைக்கும் என்.டி. ஃபில்டர் என்னும் கருங்கண்ணாடி தேவைப்படுகிறது. ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் பத்து ஸ்டாப் ஃபில்டரைப் பொருத்தினால், நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதுமான காட்சிக்கு அரை நிமிடத்துக்கும் சற்று அதிகமான திறப்பு வேண்டியிருக்கும். ஆயினும், அலையை அடியோடு அழிக்கும் நீண்ட திறப்பைவிட, நீரோட்டத்தின் கோடுகளை விட்டுவைக்கும் ஓரிரு நொடித் திறப்பே பெரும்பாலும் உயிரோட்டமுள்ள படத்தைத் தருகிறது.

இரவில் படகுகள் மறைந்து, அவற்றின் விளக்குகள் மட்டும் கோடுகளாக எஞ்சுகின்றன. 1838-இல் ஒளிப்படக்கலை முன்னோடி டாகர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்திலும் நடமாடியோர் இவ்வாறே மறைந்துபோயினர்.

முக்காலி இன்றியமையாதது என்றாலும், அது நிற்கும் இடமே அதிர்ந்தால் பயனில்லை. 2000-இல் திறக்கப்பட்டு, நடப்போரின் காலடியால் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்ட, தேம்ஸின் குறுக்கேயுள்ள மில்லேனியம் நடைபாலம், அதிர்வடக்கிகள் பொருத்தப்பட்டு 2002-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இருப்பினும், கூட்டம் நடக்கும் எந்தப் பாலத்தையும்விடக் கல்லாலான கரைச்சுவரே நீண்ட திறப்புக்குப் பாதுகாப்பானது.